விருப்பப்பட்டியலும் வாக்கெடுப்பும்

சமூக விருப்பப்பட்டியல் கணக்கெடுப்பு என்பது பயனர்களின் மென்பொருள் கோரிக்கைகளை வாக்கெடுப்பின் வழியே வரிசைப்படுத்த விக்கிமீடியா அறக்கட்டளை 2015 ஆம் ஆண்டு தொடங்கிய முறையாகும். பங்களிப்பாளர்கள் கோரிக்கைகளை முன்மொழிவர். பிறர் ஆதரவு வாக்களிப்பர். முதல் 10 இடங்களைப் பெற்றவற்றைச் சமூகத் தொழில்நுட்பக் குழு ஆராய்ந்து, இயன்றவற்றை உருவாக்கும். கேட்டது எங்கே போனது என்றே தெரியாதிருந்தவர்களுக்கு இது பெரிய முன்னேற்றமே.

எனினும் வாக்கு, தேவைப்படுவோரின் எண்ணிக்கையைக் காட்டுமே தவிர தேவையின் கடுமையைக் காட்டாது. ஆங்கில விக்கிப்பீடியாவின் சிறு வசதியொன்று, சிலரே மெய்ப்புப் பார்க்கும் ஒரு விக்கிமூலத்தின் அன்றாடத் தடையை எளிதில் முந்திவிடும். இதற்குச் சான்று வெளியே தேட வேண்டியதில்லை. 2020 ஆம் ஆண்டுக்கான கணக்கெடுப்பில் விக்கிப்பீடியா விலக்கப்பட்டது. தேர்வான 5 கோரிக்கைகளுள் 4 விக்கிமூலத்தினுடையவை. அவற்றுள் ஒன்று புதிய எழுத்துணரிக் கருவி. ‘ர’வையும் துணைக்காலையும் பக்கம் பக்கமாகப் பிரித்துத் திருத்திய தமிழ் விக்கிமூலத்தாருக்கு அதன் அருமை தெரியும்.

வாக்கு உழைப்பையும் அளப்பதில்லை. 2019 கணக்கெடுப்பில் ஆதரவு பெற்ற இருண்ட தோற்றம், இணையத்தில் வாசகர்களுக்குப் பரவலாகக் கிடைத்தது 2024 இல்தான். ஒவ்வொரு விக்கியின் வார்ப்புருக்களிலும் நிறங்கள் நேரடியாக எழுதப்பட்டிருந்தது ஒரு பெரும் சிக்கல்.

2024 இல் ஆண்டு வாக்கெடுப்பு நீங்கி, எப்போதும் கோரிக்கை அளிக்கும் முறை வந்தது. ஒத்த கோரிக்கைகள் குவியப் பகுதிகளாகத் தொகுக்கப்படுகின்றன. சிறு விக்கிகளுக்கு இது நன்மையாகலாம். ஆனால் முன்பு எண்ணிக்கை செய்த தேர்வின் ஒரு பகுதியை இப்போது தொகுப்பவரின் பார்வை செய்கிறது. வாக்குகளை எண்ணிச் சரிபார்த்ததுபோல் அதைச் சரிபார்க்க இயலாது.