வழக்குரையும் குளிர்த்தியும்: சமாதான உடன்படிக்கைகள் பற்றிய ஒரு நோக்கு

ஈழத்துக் கண்ணகி வழிபாட்டிலே குளிர்த்தி என்பது சினந்தணிக்கும் சடங்காகும். வைகாசிப் பொங்கலின்போது முல்லைத்தீவுக் கடலில் எடுக்கப்படும் நீர் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவரப்பட்டு, அந்நீரிலே விளக்கேற்றப்படுகின்றது; அதன்பின் வற்றாப்பளையிற் பொங்கல் நிகழ்கின்றது. மதுரையை எரித்தவள் இங்கு வந்து ஆறினாள் என்பது ஐதிகம். ஐதிகத்தின் உண்மை பொய்யினை ஆராய்வது எமது நோக்கமன்று. அக்கதையின் அமைப்பே எமது கவனத்துக்குரியது. அதிலே குளிர்த்திக்கு முன்னர் வழக்குரை உண்டு. சிலம்பு உடைக்கப்படுகின்றது, அவையறிய அரசன் தன் தவற்றை ஏற்கின்றான். வழக்குக் கேட்கப்படாத இடத்திற் குளிர்த்தி இல்லை. நம் காலத்துச் சமாதான முயற்சிகளை மதிப்பிட இதுவொரு தகுந்த அளவுகோலாகும்.

2002 பெப்ரவரி 22 இல் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்குமிடையே நோர்வேயின் அனுசரணையுடன் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையினை நோக்குவோம். துப்பாக்கிகள் ஓய்ந்தன, பாதைகள் திறந்தன. வன்னி மக்களுக்கு இது சிறிய பேறன்று. ஆயின் காணி, அதிகாரம், பொறுப்புக்கூறல் ஆகிய அடிப்படை வினாக்கள் பிற்காலத்துக்கென ஒதுக்கப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில் ஒஸ்லோவிலே கூட்டாட்சித் தீர்வினை ஆராய இணங்கியும் அது எழுத்துருப் பெறவில்லை. 2003 ஏப்ரலிற் புலிகள் பேச்சுவார்த்தையை இடைநிறுத்தினர். 2008 ஜனவரியில் அரசு உடன்படிக்கையிலிருந்து விலகியது. 2009 மே மாதத்திற் போர் பேரழிவோடு முடிந்தது.

1993 செப்டெம்பரிற் கைச்சாத்தான இஸ்ரேல் – பலஸ்தீனக் கோட்பாட்டுப் பிரகடனமும் ஒஸ்லோவின் பெயராலேயே அறியப்படுகின்றது. ஜெரூசலம், அகதிகள், குடியேற்றங்கள், எல்லைகள் ஆகியவற்றை அதுவும் இறுதிக்கட்டப் பேச்சுக்கெனத் தள்ளிவைத்தது. இடைக்காலம் ஐந்தாண்டுக்கு மேற்படாதென்பது ஏற்பாடு. அவ்விடைவெளியிற் குடியேற்றங்களோ பெருகின. தள்ளிவைத்தல் நடுநிலையன்று, காலம் எப்போதும் நிலத்தைக் கையில் வைத்திருப்பவன் பக்கமே நிற்கின்றது.

எம். ஏ. நுஃமான் மொழிபெயர்த்த 'பலஸ்தீனக் கவிதைகள்' 1981 இல் வெளிவந்தபோது ஈழத்து வாசகர் அதனைத் தம் குரலாகவே கொண்டனர். நிலமிழந்தவனின் துயர் அவர்களுக்கு அந்நியமாயிருக்கவில்லை. எனினும் இவ்வொன்றுதலில் ஓர் ஆபத்தும் உண்டு: அநீதி இழைக்கப்பட்டவராக மட்டுமே நம்மை நாம் கண்டுகொள்வது. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். முல்லைத்தீவு மாவட்டத்தினரும் அவர்களுள் அடங்குவர். 2002 ஆம் ஆண்டுப் பேச்சுவார்த்தையில் அவர்கள் கோரிய தனித்தரப்பு இடம் கிடைக்கவில்லை. அவர்களது வழக்கும் நம் அவையிற் கேட்கப்படல் வேண்டும். அவ்வாறே, ஐரோப்பிய யூதப் படுகொலையின் நினைவையும் 2023 ஒக்டோபர் 7 இன் கொலைகளையும் சுமக்கும் இஸ்ரேலிய மக்களின் அச்சத்தை மறுத்து நிலையான தீர்வொன்றை எண்ணுதல் இயலாது. காஸாவின் அழிவினை அவ்வச்சத்தின் பெயரால் நியாயப்படுத்துதலும் இயலாது.

கண்ணகி கதைக்கு இவ்விடத்தில் ஓர் எல்லை உண்டு. அங்கு அரசன் ஒருவன், வழக்கு ஒன்று. இங்கு வழக்குகள் பல. இங்கு தீயோ குற்றமற்றோரையும் சுட்டது.

முள்ளியவளைக்கு அயலிலுள்ள கேப்பாபிலவு மக்கள், இராணுவம் வைத்திருந்த தம் காணிகளைக் கேட்டு 2017 இல் வீதியோரத்தில் அமர்ந்தனர். போர் முடிந்து எட்டாண்டின் பின்னரே ஒரு பகுதியேனும் மீண்டது. அவர்கள் கேட்டது சமாதானத்தையன்று, உழுத நிலத்தை. நிலம், மீள்வு, பாதுகாப்பு என்பன உடன்படிக்கையின் முதற்பக்கத்தில் இடம்பெறும்வரை, வன்னியிலாயினும் காஸாவிலாயினும் நாம் பெறுவது போரின் இடைவேளையேயன்றிச் சமாதானமன்று.