கிசும்பா, குசும்பா?

பாமா தன் சிறுகதைத் தொகுப்புக்கு 'கிசும்புக்காரன்' என்று பெயர் வைத்தது 1996இல். அது 'குசும்பு' அல்லவா, தலைப்பிலேயே பிழையா என்று கேட்கிற தமிழாசிரியர்களை அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து இலக்கியக் கூட்டங்களில் இன்றைக்கும் பார்க்கலாம். பாமா இதே விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டிக்காரர். எங்க தெருக்களிலும் அது கிசும்புதான். கியா குவா என்று அரை மணி நேரம் மல்லுக்கட்டி, டீ குடித்துக் கலைந்த கூட்டம் ஒன்றில் நானும் இருந்தேன். ஒரு கதையைக்கூட யாரும் வாசிக்கவில்லை.

இந்த வழக்கு 'கருக்கு' வந்த 1992லேயே தொடங்கியது. கொச்சை, பேச்சை அப்படியே எழுதினால் எழுத்தாகுமா என்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் கரிசல்காட்டு கி.ராஜநாராயணனுக்கு 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காக சாகித்திய அகாதெமி விருது. அவரும் பேச்சைத்தான் எழுதினார். 1982இல் கரிசல் வழக்குக்கு அகராதியே போட்டார். பண்டிதர்கள் அவரையும் முறைத்தார்கள்தான், ஆனால் கடைசியில் மண்வாசனை என்று ஒப்புக்கொண்டார்கள். அக்கிரகாரத்து 'அவா'ளும் 'வந்தேளா'வும் கதைகளில் வந்தபோது அது நடை. நம்ம பாட்டி பேசினா மட்டும் கொச்சையாம்.

நன்னூல் மரூஉவை இயல்பு வழக்கில் சேர்க்கிறது. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைக்கிறது. அந்த நகை பிறக்கும் நான்கு களன்களில் முதலாவது எள்ளல். இதை மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கியவர்கள்தான் எள்ளலை நேரில் கண்டதும் சிவப்பு மையைத் தேடுகிறார்கள்.

களையெடுக்கிற பொம்பளைங்க வரப்பில் வருகிற நிலக்காரனைப் பார்த்து, "வாராகடி, மகராசா வாராக" என்பார்கள். நக்கல் அந்த மரியாதை விகுதிக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. அவன் காதில் விழுந்தாலும் குத்தம் சொல்ல முடியாது. மரியாதையாத்தானே சொன்னோம்! கூலி குறையும்போது நேரே கேட்க முடியாததை இப்படித்தான் கேட்டுவந்தார்கள். அதை 'வருகிறார்' என்று திருத்திப் பாருங்கள். சிரிப்பு செத்துப்போகும், நிலக்காரன் மட்டும் வரப்பில் நிற்பான்.

தொகுப்பில் எல்லாக் கதையும் தேறியவை என்று நான் சொல்ல வரவில்லை. சில, துணுக்காகவே நின்றுவிடுகின்றன. அதைப் பேசினால் விமர்சனம். 'அண்ணாச்சி' கதையைப் பேசலாம். மேல்சாதிக்காரனை ஒரு தலித் இளைஞன் 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டுவிடுகிறான், அதுவே வம்பாகிறது. அந்தச் சொல்லில் எழுத்துப்பிழை உண்டா, சந்திப்பிழை உண்டா? நம்ம பக்கம் கடைக்குக் கடை புழங்குகிற மரியாதைச் சொல். 'ஐயா', 'மொதலாளி' என்று கூழைக்கும்பிடு போட வேண்டிய இடத்தில் உறவு சொன்னதுதான் குற்றம். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று வகுப்பில் ஒப்பித்த ஏழு வழுக்களில் இது எதில் சேரும்? மரபு வழு என்று பண்டிதர் சொல்லக்கூடும். சரி, யாருடைய மரபு?