மதிப்பெண்ணுக்கு வெளியே உள்ள அறிவு: பன்முக நுண்ணறிவு அணுகுமுறையின் நிறையும் குறையும்

பள்ளித் தேர்வு ஒரு குறிப்பிட்ட திறனை அளக்கிறது. வரையறுத்த நேரத்துக்குள், தனியாக அமர்ந்து, பிறர் தொகுத்த வினாவுக்கு எழுத்தில் விடை தருவதே அந்தத் திறன். உடைந்த சைக்கிளைப் பிரித்துச் சரிசெய்யும் சிறுமியும், இரு நண்பர்களின் சண்டையைப் பேசித் தீர்க்கும் சிறுவனும், ஒருமுறை கேட்ட மெட்டை அப்படியே பாடும் குழந்தையும் பயன்படுத்தும் அறிவு அந்த அளவுகோலில் விழுவதில்லை. இத்தகைய திறன்களையும் பள்ளி இனங்கண்டு வளர்க்க வேண்டும் என்ற கருத்து, கடந்த நாற்பது ஆண்டுகளில் பல நாடுகளின் கல்வித் திட்டங்களில் இடம்பெற்றிருக்கிறது. அதற்குப் பரவலான கோட்பாட்டு வடிவம் தந்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் ஹோவர்டு கார்டனர். ஆசிரியரின் கவனிப்பை விரிவாக்கும் முறையாக இந்த அணுகுமுறை வலுவானது. கவனித்ததை அளவீடாகவும் முத்திரையாகவும் மாற்றும்போது அது வலுவிழக்கிறது.

கோட்பாட்டின் பின்னணி

நடைமுறையில் பயன்பட்ட முதல் நுண்ணறிவுத் தேர்வு 1905இல் பாரிஸில் உருவானது. வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிந்து அவர்களுக்குத் தனிக் கவனம் தருவதற்காக ஆல்ஃபிரட் பினே, தியோடர் சிமோன் ஆகிய இருவரும் ஒரு தேர்வை உருவாக்கினர். அது பிறவியிலேயே நிலைபெற்ற அறிவைக் காட்டுவதாகப் பினே கருதவில்லை. பயிற்சியால் அறிவு வளரும் என்றே நம்பினார். 1912இல் வில்லியம் ஸ்டெர்ன் நுண்ணறிவு ஈவு என்ற எண்ணை முன்வைத்தார். 1916இல் அமெரிக்காவின் லூயிஸ் டெர்மன், பினேயின் தேர்வை விரிவாக்கி வெளியிட்டார். அதன்பின் உதவிக்காக உருவான கருவி மனிதரைத் தரம்பிரிக்கும் கருவியாயிற்று.

பினேயின் தேர்வுக்கு முந்தைய ஆண்டான 1904இல் சார்லஸ் ஸ்பியர்மன், ஒரு பாடத்தில் நன்றாகச் செய்பவர்கள் பெரும்பாலும் மற்றவற்றிலும் நன்றாகச் செய்வதைக் கவனித்து, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பொது நுண்ணறிவு இருப்பதாகக் கூறினார். 1938இல் லூயிஸ் தர்ஸ்டன் அதை மறுத்து ஏழு முதன்மைத் திறன்களைப் பட்டியலிட்டார். ஆகவே அறிவு ஒன்றா பலவா என்ற விவாதம் கார்டனருக்கு முன்பே நடந்துகொண்டிருந்தது.

கார்டனர் 1983இல் வெளியிட்ட நூலில் மொழி, தருக்க-கணிதம், இடஞ்சார்ந்த அறிவு, இசை, உடலியக்கம், பிறரை அறிதல், தன்னை அறிதல் என ஏழு நுண்ணறிவுகளை வகைப்படுத்தினார். இயற்கையை இனங்காணும் அறிவைப் பின்னர் எட்டாவதாகச் சேர்த்தார். தேர்வு மதிப்பெண்களை மட்டும் சார்ந்திராமல் வேறு வகைச் சான்றுகளையும் அவர் எடுத்துக்கொண்டார். மூளைச் சேதத்தால் பேச்சை இழந்தவரிடம் இசைத் திறன் எஞ்சியிருப்பதும், பொதுவான அறிவு வளர்ச்சி குன்றிய ஒருவர் ஒரே துறையில் மட்டும் வியக்கத்தக்க திறன் காட்டுவதும் அவர் சுட்டிய சான்றுகளில் அடங்கும்.

வகுப்பறையில் நடைமுறை

இக்கோட்பாட்டைக் குழந்தைகளிடம் கவனமாகப் பயன்படுத்திய முயற்சி, 1984இல் கார்டனரும் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஃபெல்ட்மனும் தொடங்கிய ஸ்பெக்ட்ரம் திட்டம். மழலையர் வகுப்புக் குழந்தைகளுக்குத் தாளில் எழுதும் தேர்வு இல்லை. கையால் சுற்றி அரைக்கும் கருவியைப் பிரித்து மீண்டும் பூட்டச் சொன்னார்கள். விளையாட்டுப் பேருந்தில் ஏறியவர், இறங்கியவர் எத்தனை பேர் என்று மனத்தில் கணக்கு வைக்கச் சொன்னார்கள். வகுப்பறையின் சிறு மாதிரியையும் சக மாணவர்களின் உருவங்களையும் கொடுத்து, யார் யாருடன் விளையாடுவார் என்று காட்டச் சொன்னார்கள். ஆண்டு முடிவில் பெற்றோருக்கு மதிப்பெண் பட்டியல் போகவில்லை. குழந்தை எதில் ஆழ்ந்து ஈடுபட்டது, வீட்டில் எவற்றைச் செய்யவைக்கலாம் என்ற விளக்கக் குறிப்பு போனது. 1987இல் இண்டியானாபொலிஸ் நகரின் ஆசிரியர்கள் சிலர் இதே கோட்பாட்டின் அடிப்படையில் ஓர் அரசுப் பள்ளியையே தொடங்கினர். இசைக்கும் உடலியக்கத்துக்கும் கணிதத்துக்கு இணையான இடம் அங்கே கிடைத்தது.

இந்தியாவில் இந்தச் சிந்தனை மதிப்பீட்டுச் சீர்திருத்தத்தின் வழியாக வந்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் முழுமையான, தொடர்ச்சியான மதிப்பீட்டை வலியுறுத்தியது. தமிழ்நாட்டில் 2012-13ஆம் கல்வியாண்டு முதல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையுடன் அது நடைமுறைக்கு வந்தது. பருவம் முழுவதும் வகுப்பில் நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதியில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என மதிப்பெண்கள் பிரிக்கப்பட்டன. வாழ்க்கைத் திறன்கள், மனப்பான்மைகள், கலை, விளையாட்டு போன்ற கல்வி இணைச் செயல்பாடுகளுக்குத் தனியாகத் தரநிலை தரப்பட்டது. 2017இல் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் முதலிடம் பிடித்தவர்களின் பெயர்களை அறிவிக்கும் வழக்கத்தை மாநில அரசு நிறுத்தியது. 2022-23 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கலைத் திருவிழா நடத்தப்படுகிறது.

நிறைகள்

இந்த அணுகுமுறையின் முதல் நிறை, தேர்வு மறைத்துவிடும் திறனை வெளிக்கொணர்வது. பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெரு வியாபாரம் செய்த ஐந்து சிறாரிடம் நடத்தப்பட்டு 1985இல் வெளியான ஆய்வு இதற்குச் சிறந்த சான்று. வாடிக்கையாளர்போல வந்த ஆய்வாளர்கள் கேட்ட கணக்குகளில் ஏறத்தாழ 98 விழுக்காட்டுக்கு அவர்கள் சரியாக விடை சொன்னார்கள். அதே வகைக் கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் தந்தபோது சரியான விடைகள் சுமார் 37 விழுக்காடாகக் குறைந்தன. ஒரு தேங்காய் 35 என்றால் பத்தின் விலை என்ன என்ற கேள்விக்கு ஒரு சிறுவன், மூன்றின் விலை 105 என்று வைத்துக்கொண்டு அதைத் திரும்பத் திரும்பக் கூட்டி, எஞ்சிய ஒன்றையும் சேர்த்து 350 என்று சொன்னான். பத்தால் பெருக்க ஒரு பூஜ்யம் சேர்த்தால் போதும் என்ற பள்ளி விதியை அவன் பயன்படுத்தவில்லை. அவனிடம் கணித அறிவு இருந்தது. பள்ளியின் கேள்வி அதைத் தொடவில்லை.

கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,400க்கும் மேற்பட்ட சிறாரிடம் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்டோர் நடத்திய ஆய்வு 2025இல் வெளியானது. அதிலும் இதே நிலை தெரிந்தது. சந்தை வேலை அறியாத பள்ளி மாணவர்களோ எழுத்துக் கணக்கில் முன்னிலையிலும் சந்தைக் கணக்கில் பின்னிலையிலும் இருந்தார்கள். இரு தரப்பின் திறனும் தான் பழகிய சூழலைத் தாண்டவில்லை. குழந்தைக்குக் கணக்கு வரவில்லை என்ற தீர்ப்பு எவ்வளவு அவசரமானது என்பதை இந்த ஆய்வுகள் காட்டுகின்றன.

இரண்டாவது நிறை, பாடத்துக்குள் நுழையப் பல வாசல்களைத் திறப்பது. பின்னத்தைச் சூத்திரமாக மட்டும் கற்பிக்காமல் தாள அளவாகவும், காகித மடிப்பாகவும், நிலத்தைப் பங்கிடும் கணக்காகவும் காட்டினால் அந்தக் கருத்து எல்லாக் குழந்தைகளிடமும் ஆழப்படுகிறது. மூன்றாவது நிறை, ஆசிரியரின் பார்வையில் ஏற்படும் மாற்றம். முதல் பெஞ்ச், கடைசி பெஞ்ச் என்ற ஒற்றை வரிசை உடைந்து, ஒவ்வொரு குழந்தையிடமும் தேடிப் பார்க்க ஏதோ ஒன்று இருக்கிறது என்ற எண்ணம் வருகிறது. தரவரிசை அறிவிப்பை நிறுத்தியதன் நியாயமும் இதுவே.

குறைகள்

முதல் குறை கோட்பாட்டின் சான்று பற்றியது. எட்டு நுண்ணறிவுகளும் ஒன்றையொன்று பெரிதும் சாராதவை என்ற கூற்றை அளவியல் ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. 2006இல் வெளியான கனடா ஆய்வு ஒன்று, எட்டு வகைகளுக்கும் உரிய தேர்வுகளை 200 பேரிடம் நடத்தியது. மொழி, தருக்கம், இடஞ்சார்ந்த அறிவு, இயற்கையறிவு ஆகியவை பொது நுண்ணறிவுடன் நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தன. உடலியக்கம் போன்றவை ஓரளவு விலகி நின்றன. கார்டனர் நுண்ணறிவு என்று அழைத்தவற்றில் சில, திறமை என்ற பழைய சொல்லுக்குள்ளேயே அடங்கும் என்பது திறனாய்வாளர்களின் வாதம். குழந்தைகளின் பல்திறனைப் போற்ற இந்தக் கோட்பாடு தேவையில்லை என்பதும் இதிலிருந்து பெறப்படுகிறது.

இரண்டாவது குறை, கோட்பாடு வகுப்பறைக்கு வரும்போது திரிந்துவிடுவது. ஒரு குழந்தை பார்த்துக் கற்கும், இன்னொன்று கேட்டுக் கற்கும், மற்றொன்று செய்து கற்கும் என்று பிரித்துக் கற்பிக்கும் வழக்கம் பன்முக நுண்ணறிவின் பெயரில் பரவியிருக்கிறது. கார்டனரே இந்தக் கற்றல் பாணிக் கருத்தைத் தம் கோட்பாட்டிலிருந்து வேறுபடுத்தியிருக்கிறார். ஹரோல்டு பாஷ்லரும் உடனாய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட மீளாய்வு, பாணிக்கு ஏற்பப் பிரித்துக் கற்பிப்பதால் கற்றல் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று முடிவு செய்தது. இதைவிட மோசமானது கைரேகையைப் பதிவுசெய்து குழந்தையின் நுண்ணறிவு வகையைச் சொல்வதாக விளம்பரம் செய்யும் வணிகம். விரல் ரேகை கருவிலேயே உருவாகிவிடுகிறது. அதற்கும் குழந்தையின் இசைத் திறனுக்கோ கணிதத் திறனுக்கோ தொடர்பு நிறுவப்படவில்லை.

மூன்றாவது குறை, கவனிப்பு படிவமாக மாறுவது. நாற்பது மாணவர்கள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரின் மனப்பான்மைக்கும் தரநிலை எழுத வேண்டிய ஆசிரியர், பெரும்பாலும் ஒரே தரத்தை எல்லோருக்கும் எழுதுகிறார். வளரறி மதிப்பீட்டுக்கான சார்ட்டும் மாதிரியும் கடையில் வாங்கப்படுகின்றன, அல்லது பெற்றோரின் கைவேலையாகின்றன. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2009இல் கொண்டுவந்த இத்தகைய முறையில், இணைச் செயல்பாட்டுத் தரத்தைக் கொண்டு பாடத் தரத்தை உயர்த்தும் ஏற்பாடும் இருந்தது. 2017இல் அம்முறை கைவிடப்பட்டது. ஹரியானாவின் சுமார் 500 அரசுப் பள்ளிகளில் நடந்த கள ஆய்வு இன்னும் தெளிவான பாடம் தருகிறது. தொடர் மதிப்பீட்டுப் பயிற்சி பெற்ற பள்ளிகளில் கற்றல் அடைவு உயரவில்லை. குழந்தைகளை வாசிப்பு நிலைக்கேற்பக் குழுவாக்கி அந்த நிலையிலிருந்து கற்பித்த பள்ளிகளில் இந்தி வாசிப்பு முன்னேறியது. கற்பித்தல் மாறாதபோது மதிப்பீடு எவ்வளவு விரிந்தாலும் பயனில்லை.

நான்காவது குறை வாய்ப்பின் ஏற்றத்தாழ்வு. வீணையைத் தொட்டிராத குழந்தையிடம் இசைத் திறன் இருக்கிறதா என்று யாரும் கண்டறிய முடியாது. தமிழக அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்றவற்றுக்கு 2012இல் 16,000க்கும் மேற்பட்டோர் பகுதிநேர ஆசிரியர்களாகவே நியமிக்கப்பட்டனர். அப்போது வாரத்தில் மூன்று அரைநாள்தான் அவர்களுக்குப் பணி இருந்தது. அவ்வளவு நேரத்தில் ஒரு பள்ளி முழுவதன் கலைத் திறனையும் கண்டறிவது கடினம். கலைத் திருவிழா மேடை ஏறாத பிள்ளைகளை மேடையேற்றியிருக்கிறது. ஆனால் வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று மேலேறி, கலையரசன், கலையரசி பட்டங்களில் முடியும் போட்டி, கைவிடப்பட்ட தரவரிசையை வேறு துறையில் மீண்டும் கொண்டுவருகிறது. முதல் சுற்றில் வெளியேறும் குழந்தைக்கும் ஆண்டு முழுவதும் பயிற்சி கிடைக்கிறதா என்பதே இங்கே முக்கியமான கேள்வி.

ஐந்தாவது குறைதான் மிகக் கனமானது. இந்தக் குழந்தைக்கு வேறு வகை அறிவு என்ற பாராட்டு, அதற்குப் படிப்பு வேண்டாம் என்ற தீர்ப்பாக மாறக்கூடும். இங்கிலாந்தில் 1943இல் வெளியான நார்வுட் அறிக்கை, மாணவர்களை ஏட்டறிவு, தொழில்நுட்ப அறிவு, நடைமுறை அறிவு கொண்டவர்கள் என மூவகையாகக் கண்டது. அதன்பின் பதினொரு வயதில் நடந்த தேர்வு, குழந்தைகளை வெவ்வேறு பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பியது. உழைக்கும் வர்க்கப் பிள்ளைகள் பெருமளவில் நடைமுறை வகைப் பள்ளிகளுக்கே போய்ச் சேர்ந்தார்கள். சென்னை மாகாணத்தில் 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக இடம் தந்தது. கைத்தொழிலும் அறிவே என்பது அதன் தரப்பு நியாயம். சாதி தொழிலைத் தீர்மானித்த சமூகத்தில் அது பிள்ளைகளைப் பிறப்போடு பிணைக்கும் ஏற்பாடு என்று எதிர்ப்பாளர்கள் கண்டு, குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டார்கள். 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. பல்வகை அறிவைப் பேசும் எந்தத் திட்டமும் தமிழ்நாட்டில் இந்த வரலாற்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பானை வனைபவரின் மகளிடம் கைத்திறன் இருப்பதைக் காண்பது ஆசிரியரின் கடமை. அவளுக்கு இயற்கணிதம் எட்டாது என்று முடிவு செய்வது அநீதி.

மதிப்பீடு

நிறை குறைகளைச் சேர்த்துப் பார்க்கும்போது நான்கு நிபந்தனைகள் தெளிவாகின்றன. முதலாவது, பல்திறனை இனங்காண்பது எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்கும் மாற்றாகக் கூடாது. சந்தைச் சிறாரின் ஆய்வு சொல்வதும் அதைத்தான்: தெருவில் பெற்ற கணக்கு தானாகப் பாடக் கணக்காவதில்லை, அதை இணைக்க ஆசிரியர் வேண்டும். இரண்டாவது, அறிவதற்கு முன் வாய்ப்புத் தர வேண்டும். இசையும் கைவேலையும் விளையாட்டும் கால அட்டவணையில் இடம்பெற்று, அவற்றுக்கு முழுநேர ஆசிரியர் இருந்தால்தான் கவனிக்க ஏதாவது கிடைக்கும். மூன்றாவது, கண்டறிந்ததை விளக்கமாக எழுதலாம். எண்ணாகவோ வகையாகவோ எழுதக் கூடாது. ஏழு வயதில் எழுதிய குறிப்பு பத்து வயதில் மாறலாம் என்ற புரிதலோடுதான் அதைப் படிக்க வேண்டும். நான்காவது, ஒவ்வொரு குறிப்பும் அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதோடு முடிய வேண்டும். ஸ்பெக்ட்ரம் திட்டத்தின் அறிக்கை இந்த இடத்தில்தான் வழக்கமான முன்னேற்ற அட்டையிலிருந்து வேறுபட்டது.

தேசியக் கல்விக் கொள்கை 2020, மாணவரின் சுயமதிப்பீடும் சக மாணவரின் மதிப்பீடும் சேர்ந்த பல்கோண முன்னேற்ற அட்டையைப் பரிந்துரைக்கிறது. அட்டையில் கட்டங்கள் கூடுவது எளிது. அந்தக் கட்டங்களை நிரப்பும் ஆசிரியருக்குக் கவனிக்க நேரமும், கவனித்ததற்கு ஏற்பக் கற்பித்தலை மாற்றும் உரிமையும் இல்லாதவரை பல்வகை அறிவை ஏற்றுக்கொண்டதாகச் சொல்வது பெயரளவில்தான் இருக்கும். மதிப்பெண்ணைக் குறைகூறுவதால் மட்டும் ஒரு குழந்தையின் திறன் வளர்ந்துவிடுவதில்லை. கண்ட திறனுக்குப் பயிற்சியும், காணாத திறனுக்கு வாய்ப்பும், எல்லோருக்கும் அடிப்படைக் கல்வியும் ஒருசேரக் கிடைக்கும் பள்ளியில்தான் இந்த அணுகுமுறை தன் நோக்கத்தை நிறைவேற்றும்.