பண்ணை என்னும் சொல்

பற்றரிகளை ஆயிரக்கணக்கில் அடுக்கி மின்சாரத்தைச் சேமிக்கும் நிலையங்களை ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் ‘பண்ணை’ என்றும் ‘பூங்கா’ என்றும் அழைக்கிறார்கள். நாட்டுப்புறங்களில் நிலம் தேடும் கம்பனிகளுக்கு வாய்ப்பான சொற்கள்! வயல்களுக்கு நடுவே இன்னொரு பண்ணை வருவதை யார்தான் மறுப்பார்? இலக்கியம் பயில்வோர் இச்சொல்லைச் சற்று மறித்து விசாரிக்க வேண்டும்.

கலிபோர்னியாவின் மொன்றரே மாவட்டத்திலுள்ள மொஸ் லாண்டிங் ஒரு கடலோரச் சிற்றூர். நாவலாசிரியர் ஸ்டைன்பெக் பிறந்த சலினாஸ் நகரம் அதற்கு அண்மையில் இருக்கிறது. சுற்றுப்புற வயல்களில் குனிந்து ஸ்ட்ரோபெரி பறிப்போரிற் பெரும்பாலோர் மெக்சிக்கோவிலிருந்து வந்த தொழிலாளர். அவ்வூரின் பழைய மின்னிலையத்துச் சுழலிக் கூடத்தினுள் 2020இன் இறுதியில் விஸ்ட்ரா கம்பனி 300 மெகாவாற் பற்றரிகளை நிறுவியது. 2023இல் நிலையம் 750 மெகாவாற்றாக வளர்ந்தது. 2025 ஜனவரி 16இல் அக்கூடம் தீப்பற்றியது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். தீயணைப்புப் படையினர் அது தானாக எரிந்து அடங்கும்வரை விலகி நின்றனர். பின்னர் அயலிலுள்ள எல்க்கோண் சதுப்புநிலத்தின் மேல்மண்ணில் நிக்கல், மங்கனீசு, கோபாற்று ஆகிய உலோகங்கள் மிகுந்திருந்ததை ஆராய்ச்சியாளர் கண்டனர்.

நாம் பற்றரியின் பகைவரல்லர். நண்பகல் வெயில் தந்த மின்சாரத்தை விளக்கேற்றும் வேளைக்குக் காத்துத் தரும் கருவி அது. நிலக்கரிப் புகை ஒழியவேண்டுமென்பவர் அதனை வரவேற்றே ஆகவேண்டும். விஞ்ஞானமும் நின்றுவிடவில்லை. எளிதில் தீப்பற்றாத இரும்புப் பொசுபேற்று வகையை, திறந்த வெளியில், இடைவிட்ட தனிப் பெட்டிகளில் வைப்பதே இன்றைய வழக்கம்.

ஆயினும் அது தொழிற்சாலையே. அப்பெயரால் அழைத்தோமாயின் உடனே கேள்விகள் பிறக்கும்: உடைமையாளர் யார்? இலாபம் எங்கே செல்கிறது? தீ மூண்டால் ஊரவருக்கு யார் அறிவிப்பார்? நச்சுப் புகை படிந்த வயலில் மறுநாள் வேலைக்கு இறங்க மறுப்பவனின் கூலிக்கு யார் பொறுப்பு? ‘பண்ணை’ என்றதும் இவையெல்லாம் வாயடைத்துப் போகின்றன.

கலிபோர்னியாவில் 2022இல் இயற்றப்பட்ட சட்டமொன்றின்படி, 200 மெகாவாற் மணியும் அதற்கு மேலும் சேமிக்கும் நிலையங்களை அமைப்போர் உள்ளூராட்சியைக் கடந்து மாநில வலுசக்தி ஆணைக்குழுவிடமே அனுமதி பெறலாம். ஊர் நன்மைக்கென ஒப்பந்தமொன்றும் வேண்டுமென அச்சட்டம் கூறத்தான் செய்கிறது. ஆனால் அது கேட்பது ஊரின் சம்மதத்தையன்று; சமூக அமைப்பொன்றின் கையெழுத்தை.