ஒரு கையில் ரிமோட், மறு கையில் செல்

2024 மே 6, இரவு. ஊட்டி, கொடைக்கானல் வருகிறவர்கள் மறுநாள் முதல் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பது சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு. நான் குன்னூரில் ஒரு நண்பர் வீட்டில் இருந்தேன். ரெண்டு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர். டி.வி. விவாதத்திலும் அன்றைக்கு இ-பாஸ்தான். ஸ்டூடியோ என்னவோ சென்னையில்!

நாலு பேர் பேசினார்கள். ஒரே நேரத்தில் பேசினார்கள் என்பதுதான் விஷயம். பத்தாவது நிமிஷமே 'உங்க ஆட்சியில என்ன கிழிச்சீங்க?' வந்துவிட்டது. நடுவில் ஒருவர், ''உள்ளூர்க்காரனே சொந்த வீட்டுக்குப் போக பாஸ் எடுக்கணுமாம்!'' என்று கொதித்தார். யாரும் மறுக்கவில்லை. அடுத்த ஆள் அதைவிட சத்தமாகக் கொதித்தார், அவ்வளவுதான்.

நண்பர் தன் செல்லை நீட்டினார். ஊர் வாட்ஸ்அப் குரூப். 'டி.என்.43 வண்டிக்கு பாஸ் வேணாம். கவர்மென்ட் பஸ்ல வந்தாலும் வேணாம்' என்று யாரோ கலெக்டர் அறிவிப்போடு போட்டு ரெண்டு நிமிஷம் ஆகியிருந்தது. கீழேயே ஒரு டாக்ஸி டிரைவர், 'சீசன்லதான் எங்களுக்குச் சோறு' என்று புலம்ப, இன்னொருவர், 'சீசன்ல ஆம்புலன்ஸ் நகர முடியுதாண்ணே?' என்று கேட்டிருந்தார். அட, விவாதம் என்றால் இதுதானே!

ஆனால், இது எதுவும் ஸ்டூடியோவுக்குப் போகாது. அங்கே போவது ஹேஷ்டேக் மட்டும்தான். யார் யாரை மடக்கினார், யார் தண்ணீர் குடித்தார் என்கிற வகையறா. நம்ம ஊர் வியாதி மட்டுமல்ல இது. 2012 அக்டோபரில் ஒபாமா - ராம்னி முதல் விவாதம் நடந்த ஒன்றரை மணி நேரத்தில் ட்விட்டரில் ஒரு கோடிக்கு மேல் பதிவுகள். வரி, பட்ஜெட் என்று அவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ள, குழந்தைகள் நிகழ்ச்சியில் வரும் ஒரு மஞ்சள் பறவை பொம்மையைப் பற்றி ராம்னி போகிற போக்கில் சொன்னதை ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள்.

என் பி.காம். மூளைக்கு இது வெறும் லாபக் கணக்காகத்தான் தெரிகிறது. நாற்பது செகண்ட் சண்டைக்கு வியூஸ் உண்டு, 'டி.என்.43-க்கு பாஸ் வேண்டாம்' என்கிற திருத்தத்துக்குக் கிடையாது. ஹேஷ்டேக் பார்க்க ஆள் வைத்திருக்கும் சேனல், அதே ஆளிடம் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தனுப்பி நெறியாளரைத் திருத்தச் சொல்லலாம். செலவு ஒரு பேப்பர். நெறியாளர்கள் ஏன் அதைக் கேட்டு வாங்குவதில்லை என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

நானும் யோக்கியன் இல்லை. 'சொந்த வீட்டுக்குப் போக பாஸ்' துண்டு வீடியோ அதற்குள் எனக்கே வந்துவிட, பழக்க தோஷத்தில் நாலு பேருக்குத் தட்டிவிட்டேன். நண்பர் எட்டிப் பார்த்தார்.

''சார், அது தப்புன்னு இப்பத்தானே காட்டினேன்?''

அசடு வழிந்தபடி ஒவ்வொன்றாக டெலீட் செய்தேன். இரண்டு பேர் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். டி.வி.யில் கத்தல் ஓயவில்லை. குரூப்பில் அதற்குள் பேச்சே மாறியிருந்தது: 'நாளைக்கு இலை எடுக்க லாரி எத்தனை மணிக்கு?'