ஓடாத கார்களும் ஓயாத பேச்சும்

2020-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி இரவு, கொரோனா நோயின் பரவலைத் தடுக்க பிரிட்டிஷ் அரசாங்கம் தன் பிரஜைகளை வீட்டை விட்டு வெளியேற வேண்டாம் என்று பணித்தபோது, அந்த உத்தரவின் பாரம் சகலர்மீதும் விழுந்தது என்றாலும், பழைய மோட்டார் வாகனங்களைப் பேணும் சங்கங்களின்மீது அது ஒரு விசித்திரமான விதத்தில் விழுந்தது. தவிர்க்க முடியாத காரியங்களுக்கே பிரயாணம் என்று விதி வந்துவிட்டது. இச்சங்கங்களோ எந்த அவசரமும் நிர்ப்பந்தமும் இல்லாமல், வண்டி ஓட்டும் ஆனந்தத்துக்காகவே ஓட்டுகிறவர்களின் கூட்டங்கள். 1930-இல் தோன்றிய எம்.ஜி. கார் கிளப், அதே ஆண்டில் தோன்றிய வெட்டரன் கார் கிளப், 1934-இல் தோன்றிய வின்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் முதலாக, ஒரே ஒரு மாடலுக்கென்று ஏற்பட்ட சிறு சங்கங்கள் வரையில், ஐந்நூறுக்கு மேற்பட்ட ஸ்தாபனங்கள் ஒரு தேசியக் கூட்டமைப்பின் கீழ் இயங்கும் அந்நாட்டில், பதினைந்து லட்சத்துக்கு மேற்பட்ட பழைய வாகனங்கள் பதிவேட்டில் இருக்கின்றன. அவற்றை வைத்திருப்போரில் கணிசமானவர்கள் அறுபதையும் எழுபதையும் கடந்தவர்கள். அதாவது, அந்நோய் எவரை முதலில் தேடி வந்ததோ அவர்களே.

ஏப்ரல் மாதம் அவர்களுக்குத் திருவிழா மாதம். 1900-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் தேதி லண்டனிலிருந்து எடின்பரோவுக்கும் அங்கிருந்து திரும்பவும் அறுபதுக்கு மேற்பட்ட வண்டிகள் புறப்பட்டுச் சென்ற ஆயிரம் மைல் பரீட்சையை நினைவுகூரும் வண்ணம், அத்தேதியை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையில் நாடெங்கும் பழங்கார்கள் வீதிக்கு வருவது வழக்கம். அவ்வாண்டு அவை வரவில்லை. நவம்பரில் லண்டனிலிருந்து பிரைட்டனுக்குப் போகும் புராதன வண்டிகளின் ஓட்டமும் ரத்தாயிற்று. உலக யுத்தமும் அதன்பின் வந்த பெட்ரோல் பஞ்சமும் அன்றி வேறெதுவும் எளிதில் தடுத்திராத ஓட்டம் அது. குட்வுட்டிலோ அக்டோபரில் பார்வையாளர் ஒருவரும் இல்லாத ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்து, திரை வழியே உலகுக்குக் காட்டப்பட்டன.

இந்த வெறுமையை நிரப்பச் சங்கங்கள் கைக்கொண்ட உபாயங்கள் பல. மாதந்தோறும் ஏதாவதொரு கிராமத்து பப்பில் கூடி அரட்டை அடித்தவர்கள் ஜூம் திரையில் கூடினார்கள்; வாட்ஸ்அப் குழுக்கள் பெருகின; நின்ற இடத்தில் நின்ற காரைப் படம் பிடித்து அனுப்பும் போட்டிகளும், பொம்மைக் கார்களை வரிசையாக வைத்துப் பரிசு கொடுக்கும் காட்சிகளும், வினாடி வினாக்களும் நடந்தன; தொலைபேசியில் நலம் விசாரிக்கும் ஏற்பாடும் உண்டாயிற்று. இவை யாவற்றையும் ஒரே மூச்சில் புகழ்ந்து, இடுக்கண் வந்தபோதும் நட்பு வென்றது என்று சொல்லிவிடுவது அக்காலத்தில் பலருக்கும் பழக்கமாயிற்று. அந்தப் புகழ்ச்சியை அப்படியே ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒரு சங்கத்தின் வழக்கத்தை எடைபோட வேண்டுமானால், அந்தச் சங்கம் எதற்காக இருக்கிறதோ அந்தக் காரியத்தைக் கொண்டே எடைபோட வேண்டும்.

பழங்கார்ச் சங்கம் எதற்காக இருக்கிறது? பழையதன்மீது அபிமானம் என்று சொல்வது பாதி விடைதான். எண்பது வயதான ஒரு இயந்திரத்தை ஓடும் நிலையில் வைத்திருப்பதற்குரிய ஞானம் புத்தகங்களில் பாதியும், மனிதர்களின் கைகளிலும் காதுகளிலும் பாதியுமாகச் சிதறிக் கிடக்கிறது; அந்தப் பின்பாதியை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கடத்தும் வேலையே இச்சங்கங்களின் ஜீவன். சின்க்ரோமெஷ் இல்லாத கியர்பெட்டியில் இரண்டு முறை கிளட்சை மிதித்து, இடையே எஞ்சினின் வேகத்தை இவ்வளவென்று கூட்டிக் கியரை இறக்குவதை எந்தக் கையேடும் முழுதாகக் கற்பிக்காது. இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர்களைச் சமப்படுத்தத் தெரிந்தவர், ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் காற்று நுழையும் வாயிலிலும் வைத்து, இரண்டின் சீறலும் ஒன்றாகும் வரையில் திருகுகிறார். கம்பிச் சக்கரத்தின் ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் மெல்லத் தட்டி, எந்தக் கம்பி மந்தமாக ஒலிக்கிறதோ அது தளர்ந்தது என்று கண்டுகொள்கிறார். டாப்பெட் இடைவெளியில் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்து இழுக்கும்போது விரலில் படும் அந்த இலேசான பிடிமானம் சரியா தவறா என்பதை, அருகில் நின்று தாமும் ஒரு முறை இழுத்துப் பார்த்தால் ஒழிய அறிய முடியாது.

இத்தகைய ஞானம் திரையின் வழியே செல்லுமா என்பதே கேள்வி. பெரும்பாலும் செல்லவில்லை என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். அதற்குக் காரணம் மனிதர்களின் அசிரத்தையன்று, கருவியின் இயல்பே. ஜூம் முதலிய செயலிகள் மனிதக் குரலைத் தெளிவாகக் கொண்டுசெல்லும் பொருட்டு அமைக்கப்பட்டவை. ஆகையால், இடைவிடாமல் ஒரே சீராக ஒலிக்கும் எதையும் வேண்டாத இரைச்சலென்று கருதித் தாமாகவே அடக்கிவிடுகின்றன. எஞ்சினின் சப்தமோ இடைவிடாமல் ஒரே சீராக ஒலிப்பது. தம் கார் ஷெட்டில் போனெட்டைத் திறந்து வைத்து, கைப்பேசியை அருகில் நீட்டி, "இந்தச் சத்தம் பேரிங்கா, டாப்பெட்டா, சொல்லுங்கள்" என்று கேட்கும் ஒருவருக்கு, நூறு மைல் தள்ளி உட்கார்ந்திருக்கும் அனுபவசாலி நியாயமாக என்ன பதில் சொல்ல முடியும்? அவர் கேட்க வேண்டிய சப்தத்தையே செயலி வடிகட்டி எறிந்துவிட்டது. அந்த வடிகட்டலை நிறுத்தி வைக்கும் வழி செயலிக்குள்ளேயே உண்டு. ஆனால் அதைத் தேடிக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் வேறு, எஞ்சினைக் காதால் அறிந்தவர் வேறு. இருவரும் ஒருவராய் அமைவது துர்லபம். செவிப்புலன் குன்றிய முதியவர்கள், ஒரே சமயத்தில் நாலு பேர் பேசும் திரையில் எதையும் பிடிக்க மாட்டாமல் மௌனமாய் உட்கார்ந்திருக்க நேர்ந்ததையும், கட்டணமில்லாத கூட்டம் நாற்பது நிமிஷத்தில் தானே முடிந்துவிடுவதையும், இதனுடன் சேர்த்தே எண்ண வேண்டும்.

எனினும் கைத்தொழில் ஞானத்தின் இன்னொரு பகுதி வாக்கியங்களில் அடங்கக்கூடியது. அந்தப் பகுதியில் இந்த ஏற்பாடு செய்த உபகாரத்தைக் குறைத்துச் சொல்வது அநியாயம். ஆயிரக்கணக்கான கார்கள் ஒரே சமயத்தில், எப்போது மீண்டும் ஓடும் என்று தெரியாமல் நிறுத்தப்பட்டது அதுவரை அந்தத் தலைமுறை கண்டிராத நிலைமை. வாரம் ஒரு முறை எஞ்சினைப் பத்து நிமிஷம் உறுமவிட்டு நிறுத்தினால் வண்டி நலமாயிருக்கும் என்ற நம்பிக்கை வெகுவாகப் பரவியிருந்தது. உண்மை அதற்கு நேர்மாறு. எரியும் பெட்ரோலில் நீராவி பிறக்கிறது. எஞ்சின் தன் முழு உஷ்ணத்தை அடைந்து சிறிது நேரம் ஓடினால்தான் அந்த ஈரம் வெளியேறும். பாதிச் சூட்டில் நிறுத்தினால் அது ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கித் துருவை வளர்க்கும். செல்ஃப் போட்டதில் செலவான மின்சாரமும் பேட்டரிக்குத் திரும்பிச் சேராது. அவ்வாறே, ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைத்த வண்டியில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டும். பல மாதம் ஒரே இடத்தில் நின்ற டயர் தரையைத் தொட்ட பாகத்தில் தட்டையாகும். இந்த விஷயங்களை விவரம் அறிந்த அங்கத்தினர் ஒருவர் ஒரு முறை தெளிவாக எழுதினாலும் போதும், ஐம்பது வண்டிகள் பிழைத்துவிடும். அரசாங்கம் எம்.ஓ.டி. என்னும் வருடாந்தர வாகனத் தகுதிச் சோதனைக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தது, மே 13 முதல் இங்கிலாந்தில் வெட்டவெளிகளுக்குக் காரில் செல்ல அனுமதித்தது போன்ற மாறிக்கொண்டே வந்த விதிகளையும் சங்கங்களே அங்கத்தினருக்கு எடுத்துச் சொல்லி வந்தன.

தூரத்தை வென்றதும் மெய்யான ஒரு லாபம். எம்.ஜி. கார்கள் பிறந்த ஆபிங்டன் தொழிற்சாலை 1980 அக்டோபரில் மூடப்பட்டது. அங்கே கார்களைத் தம் கையால் பூட்டியவர்களில் இன்றிருப்போர் மிகவும் வயதானவர்கள். இரவில் நூறு மைல் காரோட்டிப் போய் ஒரு பப்பின் மாடியில் உரையாற்றுவது அவர்களுக்கு இயலாத காரியம். தம் வீட்டு நாற்காலியிலிருந்தே பேசலாம் என்றானபோது, ஸ்காட்லாந்தில் இருப்பவரும் கார்ன்வாலில் இருப்பவரும் ஏக காலத்தில் கேட்கவும், பதிவு செய்து வைக்கவும் வழி பிறந்தது. கடலுக்கு அப்பால் இருப்பவர்களுக்கும் இந்த வாசல் திறந்தது. டிரயம்ஃப் ஹெரால்டைச் சென்னையில் 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டாகத் தயாரித்தார்கள். அந்த வண்டியை இன்னும் வைத்திருக்கும் ஒரு சென்னைவாசி, அதன் பிறந்த நாட்டுச் சங்கக் கூட்டத்தில் நேராக உட்கார்ந்து கேள்வி கேட்பது முன்பு நினைத்தும் பார்க்க முடியாதது.

இனி, படப் போட்டிகள். இவற்றை நிரபராதமான பொழுதுபோக்கு என்று விட்டுவிடலாம் என்பார்கள். நான் அப்படி விடத் துணியேன். பழங்கார் உலகத்தில் நெடுங்காலமாகவே இரண்டு மனப்பான்மைகள் போராடி வருகின்றன: வண்டியை ஓட்டித் தேய்ப்பதே அதற்குச் செய்யும் மரியாதை என்பது ஒன்று, துடைத்து மெருகேற்றிக் காட்சிக்கு வைப்பதே சிறப்பு என்பது மற்றொன்று. ஓட்டமே இல்லாத மாதங்களில் இரண்டாவது மனப்பான்மை மட்டுமே தீனி பெற்றது. விசாலமான ஷெட்டும் அழகான முன்வாசலும் பளபளக்கும் குரோமியமும் உடையவர்களின் வண்டிகள் திரையில் நன்றாக விழுந்தன. தெருவோரத்தில் தார்ப்பாய்க்கு அடியில், பாதி பிரித்த நிலையில் நின்ற வண்டியின் சொந்தக்காரர் எதைப் படம் பிடித்து அனுப்புவார்? சொந்தமாகப் பழங்கார் வாங்க வசதியின்றி, ஞாயிற்றுக்கிழமைகளில் மூத்தவர் ஒருவரின் பக்கத்து ஆசனத்தில் அமர்ந்து சென்று, வழியில் நின்றுபோனால் இறங்கித் தள்ளி, அப்படியே தொழிலைப் படித்துக்கொண்டிருந்த இளைஞனுக்கு இந்தப் போட்டிகளில் இடமே இல்லை. வருங்காலம் அவனைத்தான் நம்பியிருக்கிறது.

இதைவிடப் பெரிய குறையொன்றை எடுத்துக்காட்ட, வேறொரு முடக்கத்தை நினைவுகூர வேண்டியிருக்கிறது. 1942 ஜூலையில் பிரிட்டனில் சொந்த உல்லாசத்துக்கான பெட்ரோல் பங்கீடு அறவே நிறுத்தப்பட்டது. 1945-இல்தான் திரும்பி வந்தது. மூன்றாண்டு காலம் அபிமானிகளின் கார்கள் கட்டைகளின்மேல் ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. அபிமானிகளோ பல திசைகளில் யுத்த சேவையில் இருந்தார்கள். அப்போது அவர்களைச் சேர்த்துப் பிடித்தது காகிதம். 1936 முதல் 'மோட்டார் ஸ்போர்ட்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்த பில் பாடி, யுத்தம் மூண்ட 1939-இல் ஆஸ்டின் செவன் அபிமானிகளுக்காக 750 கிளப்பையும் தோற்றுவித்தவர். பந்தயமே இல்லாத நாட்டில் பந்தயப் பத்திரிகையை நிறுத்தாமல் நடத்தினார். எழுதப் புதிய செய்தி இல்லாத நிலையில், 'நான் வைத்திருந்த கார்கள்' என்ற தலைப்பில் வாசகர்களையே எழுதச் செய்தார். தபாலில் வந்த அந்த நினைவுக் கட்டுரைகள், அந்நாளைய சாதாரண மோட்டார் வாழ்க்கையின் சரித்திரத்துக்கு இன்று கிடைத்தற்கரிய மூலாதாரங்களாக நிற்கின்றன.

2020-இன் அங்கத்தினர்கள் அவர்களைவிடப் பன்மடங்கு பேசினார்கள். ஆனால் அந்தப் பேச்சில் எவ்வளவு மிஞ்சியது? கூட்டம் முடிந்ததும் திரையோடு அணைந்தது பெரும்பங்கு. குழுச் செய்திகளில் ஒருவர் கேட்ட அருமையான கேள்வியும் இன்னொருவர் கொடுத்த அருமையான விடையும், காலை வணக்கப் படங்களுக்கும் வேடிக்கைக் காட்சிகளுக்கும் இடையே புதைந்து, ஒரு வாரத்துக்குள் யாராலும் தேடியெடுக்க முடியாதவையாயின. செலவைக் குறைக்கும் பொருட்டு அச்சுப் பத்திரிகையை நிறுத்தி மின்னிதழாக மாற்றிய சில சங்கங்கள், தங்களுக்கென்று எஞ்சியிருந்த நிரந்தரமான சாதனத்தையே கைவிட்டன என்று நான் வருந்துகிறேன். வயதான தொழிலாளியின் உரையைப் பதிவு செய்தவர்கள்கூட அதை எழுத்தாக்கி, பொருளகராதி சேர்த்து வைத்தால்தானே இருபது ஆண்டுக்குப் பின் ஒருவன் பயன் பெறுவான்?

அதன் நஷ்டம் வெகு சீக்கிரத்தில் தெரியவும் நேர்ந்தது. 2021 வசந்தத்தில் வண்டிகள் ஷெட்டை விட்டு வெளியே வந்தபோது, அவற்றின் தொட்டிகளில் பல மாதம் கிடந்து கெட்ட பெட்ரோல் இருந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10 பெட்ரோல் சாதாரண விற்பனைக்கு வந்தது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். பழைய ரப்பர் குழாய்களையும் கார்க் மிதவைகளையும் அரிக்கும். பித்தளை, துத்தநாகக் கலவை முதலியவற்றிலும் அரிப்பை உண்டாக்கும். எந்த வண்டியில் எந்தப் பாகம் தாங்கும், எது தாங்காது என்ற அனுபவம் முந்திய ஆண்டின் சம்பாஷணைகளில் துண்டு துண்டாக ஏராளமாக வந்துபோயிருக்கும். அவற்றைத் தொகுத்து வைத்த சங்கத்தின் அங்கத்தினர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். தொகுக்காத சங்கத்தின் அங்கத்தினர் மறுபடியும் முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தார்.

நலம் விசாரித்த தொலைபேசி ஏற்பாட்டைப் பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன். அதன்மீது எனக்குக் குறை ஒன்றும் இல்லை. மனைவியை இழந்து, பிள்ளைகள் தூரதேசத்தில் இருக்க, ஒரு மாரிஸ் மைனரோடு தனியே வாழும் எண்பது வயதுக்காரருக்கு, குறித்த நாளில் ஒரு தோழர் கூப்பிட்டு, "சாப்பிட்டீர்களா, மருந்து வந்ததா, பேட்டரியைக் கழற்றினீர்களா?" என்று கேட்பதில் இருக்கும் மகத்துவம், ஐம்பது முகங்கள் தெரியும் திரையில் இல்லை. சவ அடக்கத்துக்குக்கூடச் சிலரே போகலாம் என்றிருந்த நாட்களில், அந்தக் குரல் ஒன்றே பலருக்குச் சங்கமாக இருந்தது. அதற்கு விசேஷக் கருவி வேண்டாம். பெயர்ப்பட்டியலைப் பிரித்துக்கொள்ள நாலு பேரும் மாதம் சில மணி நேரமும் போதும். ஊரடங்கு முடிந்த பின்னரும் திரைக்கூட்டங்களைத் தொடர விரும்பும் சங்கங்கள் தாராளமாகத் தொடரட்டும். அவற்றில் ஆபிங்டன் தொழிலாளிகள் இன்னும் பேசட்டும், பேசியது அச்சேறட்டும். ஆனால் நிர்வாகக் குழுவின் நேரமும் உழைப்பும் ஒரு காரியத்துக்குத்தான் போதும் என்று வந்தால், படப் போட்டியை நிறுத்திவிட்டு அந்தத் தொலைபேசிப் பட்டியலையே நான் காப்பாற்றச் சொல்வேன்.