தலை ஆடினும் ஆடாத எழுத்து

விரித்த புத்தகத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் இடமும் வலமுமாக விரைந்து ஆட்டிப் பார்த்தால், எழுத்துக்கள் சற்றும் கலங்காமல் நிற்கின்றன. தலையை நிறுத்திவிட்டுப் புத்தகத்தை அதே வேகத்தில் ஆட்டினாலோ, வரிகளெல்லாம் நீர் பட்ட மையாய்க் கலைந்துபோகின்றன. இந்த வித்தியாசத்தில்தான் உட்செவியின் சாமர்த்தியம் தெரிகிறது. ஒன்றுக்கொன்று ஏறக்குறையச் செங்குத்தாய் அமைந்த மூன்று அரைவட்டக் குழல்களில் நிறைந்த திரவம், தலை திரும்பும்போது கூடவே திரும்பாமல் சற்றுப் பின்தங்க, அந்தத் தயக்கத்தில் வளைந்துகொடுக்கும் நுண்ணிய மயிரிழைகள் மூளைத்தண்டுக்குச் சேதி சொல்ல, ஒரு வினாடியில் ஏறத்தாழ 100-ல் ஒரு பங்கு நேரத்தில் கண்கள் எதிர்த்திசையில் நகர்ந்து, பார்வையை அதன் ஸ்தானத்திலேயே நிறுத்திவிடுகின்றன. செவிக்குள்ளேயே வாசம் செய்தும் ஓர் ஓசையும் எழுப்பாத அந்த அடக்கம் எனக்கு மிகவும் பிரியமானது.

சிறுவயதில் தட்டாமாலை சுற்றிச் சட்டென்று நின்றதும், முற்றமும் கிணறும் நம்மைச் சுற்றிவந்தனவே, அது கால்கள் நின்ற பிறகும் நிற்க மனமில்லாமல் ஓடிய அந்தத் துளித் திரவத்தின் லீலைதான். திண்ணைத் தூணை அணைத்து, அதன் குளிர்ச்சி கன்னத்தில் பட, கண்ணை மூடிக் காத்திருந்தால், உள்ளே அந்தச் சுழற்சி மெல்ல மெல்ல அடங்குவதைக்கூட அனுபவிக்க முடிந்தது.